நேரில் பார்த்தீர்களா?

அரசு அலுவலகத்தில் ஒருவர் பெயரைக் கெடுக்க ஒரு மொட்டைக் கடுதாசி போதும். அதில் இருப்பது உண்மையா என்று யாரும் பார்ப்பதற்குள் பேச்சு டீக்கடை வரை போய்விடும். சில வருடங்களுக்கு முன் என் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்த பெண்மணி மீது அப்படி ஒன்று வந்தது. சான்றிதழுக்குப் பணம் வாங்குகிறாராம். எப்போது, யாரிடம் என்ற விவரம் எதுவும் இல்லை. பிரிவில் எல்லாரிடமும் எழுத்து மூலமாக வாக்குமூலம் வாங்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது.

ஒரு தம்பி எழுதிக் கொண்டுவந்த தாளில், ‘மேற்படியார் பணம் பெறுவதை நான் அறிவேன்’ என்று இருந்தது.

“நேர்ல பார்த்தீங்களா தம்பி?”

“இல்ல சார். எல்லாரும் சொல்றாங்களே. நெருப்பில்லாம புகையுமா?”

“எல்லாரும்னா யாரு?”

யோசித்து இரண்டு பேரைச் சொன்னார். கூப்பிட்டு விசாரித்தால், அதில் ஒருவர் கேள்விப்பட்டதே இந்தத் தம்பியிடமிருந்துதான்!

அவர் நல்ல பையன், யாரையும் கெடுக்க நினைப்பவர் இல்லை. ஆனால் அந்தத் தாளை வைத்து 17(பி) குற்றச்சாட்டு (பெரிய தண்டனைக்கான துறை நடவடிக்கை) போட்டால் அந்த அம்மாவின் வேலையே போகலாம். விசாரணை முடிகிறவரை பதவி உயர்வும் நிற்கும்.

எனக்கு வேதாகமத்தில் வரும் நாபோத்தின் நினைவு வந்தது. தன் திராட்சத்தோட்டத்தை ஆகாப் அரசனுக்குக் கொடுக்க மறுத்தவன் அவன். 1 இராஜாக்கள் 21இல் ராணி யேசபேல் அரசன் பெயரில் நிருபம் எழுதுகிறாள், முத்திரை போடுகிறாள், நியாயப்பிரமாணம் கேட்கிறபடி இரண்டு சாட்சிகளையும் நிறுத்துகிறாள். நடைமுறையில் ஒரு குறை சொல்ல முடியாது, சாட்சி மட்டும் பொய். நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். கோப்பும் கையெழுத்துமாகப் பிழைக்கிற நம்மைப் போன்றவர்கள் அந்த அதிகாரத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். தாளை வாங்கிக் கிழித்துவிட்டு, ‘நான் நேரில் எதையும் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். பார்த்திருந்தால் பார்த்ததை எழுதித்தான் ஆக வேண்டும். தெரிந்த குற்றத்தை மூடி மறைப்பதும் பொய்ச்சாட்சிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் பிரிவில் யாருமே எதையும் பார்த்திருக்கவில்லை. ஆதாரம் இல்லை என்று கோப்பை முடித்தார்கள்.

ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. ‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்பது பத்துக் கற்பனைகளில், அதாவது கட்டளைகளில், ஒன்று. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாட நூலில், பிறனைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருப்பதோடு இந்தக் கற்பனையை அவர் விட்டுவிடவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல் என்கிறார். (லுத்தரன் சபையார் இதை எட்டாம் கற்பனை என்று எண்ணுவார்கள், தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.காரர்களுக்கு ஒன்பதாவது.) கடினமான பாதி இதுதான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். நாலு பேர் சிரித்துப் பேசும்போது குறுக்கே பேசத்தான் தைரியம் வேண்டும்.

இப்போதும் புதிதாக மாறுதலில் வருகிறவர்கள், “அந்தம்மா அப்படியாமே சார்?” என்று கேட்கிறார்கள். விசாரித்ததில் ஒன்றும் இல்லை என்று கோப்பு முடிந்ததைச் சொல்கிறேன். அப்புறம், ஓய்வுபெற்ற டிரைவருக்குப் பென்ஷன் நின்றுபோனபோது கருவூலத்துக்கு நடையாய் நடந்து அதை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.