ஒன்பது மணி நேரம் கிடைத்தால் ஆம்ஸ்டர்டாமை விட்டுவிடுங்கள்

ஐரோப்பாவில் விமானம் மாறும் பயணங்களில் நீண்ட இடைவெளி விழுந்தால், அந்த நகரத்தின் பெயரே ஆளை இழுக்கும். டிக்கெட்டில் ஆம்ஸ்டர்டாம் என்றோ பாரிஸ் என்றோ பார்த்ததுமே, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். போகத்தான் வேண்டும். விசாவும் தெம்பும் இருக்கும்போது பகல் முழுவதும் கேட் வாசலில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் அந்தப் பெரிய நகரத்துக்குப் போகாதீர்கள். விமான நிலையத்திலிருந்து இருபது, முப்பது நிமிடத்தில் ஒரு சின்ன ஊர் இருக்கும். அங்கே போங்கள்.

நானும் மகளும் கனடாவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் ஆம்ஸ்டர்டாமின் விமான நிலையமான ஸ்கிபோலில் இறங்கினோம். காலை ஏழு மணிக்கு வந்து சேர்ந்தோம், அடுத்த விமானம் மாலை நாலு மணிக்கு. காகிதத்தில் ஒன்பது மணி நேரம். இதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். நாலு மணி விமானத்துக்கு மூன்று மணிக்கே கேட் பக்கம் இருப்பது நல்லது. அதற்கு முன் பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் வரிசை, நீளமான நடை. ஆகவே ஒன்றரை மணிக்கு நிலையத்துக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று முதலில் அதை முடிவு செய்தோம். வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷெங்கன் எல்லையில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லையில், 2025 அக்டோபரிலிருந்து முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல் ரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்துவிட்டது. முதல்முறை நுழைகிறவர்களுக்கு அந்தப் பதிவுக்கே கூடுதல் நேரம் பிடிக்கும். இதையெல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஐந்து மணி நேரம். அதில் ரயிலுக்கும் போக வேண்டும்.

ஐந்து மணி நேரத்தில் ஆம்ஸ்டர்டாமில் என்ன செய்ய முடியும்? ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரத்துக்கு முன்பாகவே வெளியிடுகிறார்கள். வான்கோ அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். உங்கள் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் அந்த நேரம் போய்விடும். மிச்சம் இருப்பது கூட்டத்தோடு கூட்டமாகக் கால்வாய் ஓரம் நடப்பது. அந்த நகரத்துக்கு மூன்று நாளாவது கொடுக்க வேண்டும். அவசரமாகப் பார்த்துவிட்டு வந்தால் பார்த்தாயிற்று என்ற எண்ணம்தான் தங்கும், ஊர் தங்காது.

நாங்கள் போனது லைடன். ஸ்கிபோல் நிலையத்துக்கு நேர் கீழேயே ரயில் நடைமேடைகள் இருக்கின்றன. டிக்கெட் எடுக்கக்கூட வேண்டாம். தட்டிச் செலுத்தும் வசதி உள்ள வங்கி அட்டையை நுழைவில் தட்டினால் போதும், இறங்கும் ஊரில் அதே அட்டையைத் தட்டி வெளியேற வேண்டும். அட்டையில் நுழைந்து போனில் வெளியேறினால் இரண்டும் வேறு வேறு ஆளாகத்தான் கணக்காகும், அதிகப் பணம் பிடித்துவிடுவார்கள். ஆளுக்கொரு அட்டையும் வேண்டும். ராட்டர்டாமுக்குப் போகும் இன்டர்சிட்டி டைரக்ட் ரயிலில் ஏறிவிடாதீர்கள். அது அதிவேகப் பாதையில் போவது, லைடனில் நிற்காது. மற்ற இன்டர்சிட்டி ரயில்களில் இருபது நிமிடத்துக்குள் லைடன் வந்துவிடும்.

சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதளம். அது நிலமே இல்லை, ஏரியின் அடி. ஹார்லம் ஏரி என்று அங்கே பெரிய ஏரி இருந்தது. 1573இல் அதில் கப்பற்படைகள் மோதிச் சண்டையிட்டிருக்கின்றன. பிறகு மூன்று நீராவி இறைப்பு நிலையங்களை வைத்து நீரை வெளியேற்றி, 1852இல் ஏரியை முழுக்க வற்றவைத்தார்கள். விமான ஓடுதளங்கள் கடல் மட்டத்துக்குச் சுமார் மூன்று மீட்டர் கீழே இருக்கின்றன. ஜன்னல் வழியாகத் தெரியும் ஒவ்வொரு வாய்க்காலும் இன்றைக்கும் அந்தத் தண்ணீரை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பதுதான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பயணமே வேறாகிவிடுகிறது.

லைடன் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஊருக்குள் இருப்போம். வழியிலேயே டி ஃபால்க் என்ற காற்றாலை, 1743இல் கட்டியது, ஏழு மாடி உயரம். இதைத் தாண்டியதும் கால்வாய்களும் ஓட்டு வீடுகளும்தான். 1606இல் ரெம்பிராண்ட் பிறந்த ஊர் இது. 1575இல் நிறுவிய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சைக்கிளில் பறந்துகொண்டிருப்பார்கள். அதுவும் நாங்கள் போனது சனிக்கிழமை. புதன், சனி இரண்டு நாளும் கால்வாய்க் கரையில் சந்தை கூடும்.

சந்தையில் ஸ்ட்ரோப்வாஃபல் சுடுகிறவரிடம் வெகுநேரம் நின்றுவிட்டேன். எலுமிச்சை அளவு மாவு உருண்டையை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார். கட்டம் கட்டமாகப் பதிந்து வெந்ததும் எடுத்து, அந்த மெல்லிய வட்டத்தையே சூட்டோடு கத்தியால் குறுக்கே இரண்டு தகடாகப் பிளக்கிறார். அதுதான் கைத்திறமை, ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை. உள்ளே கொதிக்கும் பாகைத் தடவி, மூடி, கையில் கொடுக்கிறார். பாகு இன்னும் இளகியிருப்பதால் ஒரு கடிக்கே நூலாக நீள்கிறது. விமான நிலையக் கடைகளில் டப்பாவில் அடைத்து விற்பதைச் சாப்பிட்டிருக்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சந்தைக்குப் பக்கத்திலேயே புர்க்ட் என்ற பழைய கோட்டை. மேடு எழுப்பி அதன் மேல் வட்டமாக மதில் கட்டியிருக்கிறார்கள், உள்ளே ஒன்றும் இல்லை, நடுவில் மரங்களும் புல்லும். கட்டணமும் இல்லை. மதில் மேல் சுற்றி நடந்தால் ஊர் முழுவதும் கூரை கூரையாகத் தெரியும். இரவெல்லாம் விமானத்தில் மடங்கிக் கிடந்த காலுக்கு அந்தப் படிகள் எவ்வளவு நல்லது என்று ஏறிப் பார்த்தால் தெரியும்.

மகள் இயற்பியல் படிக்கிறாள். லைடனைத் தேர்ந்தெடுத்ததில் பாதிப் பங்கு அவளுடையது. பத்து மணிக்குப் பூர்ஹாவே அறிவியல் அருங்காட்சியகம் திறந்ததும் நேராக ஹீலியத்தைத் திரவமாக்கிய கருவியிடம் போய்விட்டாள். காமர்லிங் ஓனஸ் என்ற டச்சு இயற்பியலாளர் 1908 ஜூலை 10ஆம் தேதி இந்த ஊரில்தான் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். மைனஸ் 269 டிகிரி. அந்தக் குளிரில் பாதரசத்தை வைத்துப் பார்த்தபோது 1911இல் அதன் மின்தடை அறவே இல்லாமல் போனது தெரிந்தது. மீக்கடத்துத்திறன் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக வருவது இது. கண்ணாடிக் குழாய்களும் பித்தளை மூட்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும் அதன் முன்னால் அவள் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். பிறகு, "இதை எல்லாம் இங்கயே ஆள் வச்சு ஊதிச் செஞ்சிருக்காங்கம்மா" என்றாள். உண்மைதான். கண்ணாடி ஊதவும் கருவி செய்யவும் பையன்களைப் பழக்குவதற்கென்றே ஓனஸ் பள்ளி நடத்தினார். வெளிச்சுவரில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு பெரிதாக எழுதியிருக்கிறது. அவர் 1920 முதல் இங்கே சிறப்புப் பேராசிரியர்.

சுவரில் எழுதுவது இந்த ஊரின் பழக்கம். 1992இல் ஒரு ரஷ்யக் கவிதையில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளை வீட்டுச் சுவர்களில் தீட்டியிருக்கிறார்கள், பல அந்தந்த மொழியில், அந்தந்த எழுத்திலேயே. தேடிக்கொண்டு போக வேண்டாம். சந்து திரும்பும்போது தானாக எதிர்ப்படும்.

மற்றப் பாதிப் பங்கு என்னுடையது. ராப்பன்பர்க் கால்வாய்க் கரையில் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டிடம் இருக்கிறது. ஆனைமங்கலம் செப்பேடுகள் 1862இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. பெரிய தொகுதியில் 21 ஏடுகள், ஐந்து சமஸ்கிருதத்தில், பதினாறு தமிழில். சோழ முத்திரை போட்ட வளையத்தில் கோத்தது, முப்பது கிலோ அளவுக்குக் கனம். ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை ராஜராஜன் கொடுத்ததைச் சொல்வது. செப்பேட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் போகவில்லை, அந்த வாசலில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று இருந்தது. "இவ்வளவு கனத்தை எப்படிம்மா இங்க கொண்டு வந்தாங்க?" என்று மகள் கேட்டாள். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கையில் இருந்ததைச் சொன்னேன். கல்லில் அடித்த மாதிரி தெளிவாக எழுதிய ஒரு தமிழ் ஆவணம் இவ்வளவு தூரத்தில், இத்தனை அமைதியான தெருவில் இருந்த காலத்தை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பத்து நிமிடம் நின்றிருப்போம். அந்தக் கட்டிடத்துக்குப் பின்னால்தான் 1590இல் தொடங்கிய தாவரத் தோட்டம். ஹாலந்தில் டியூலிப்பைப் பெயர் பெறவைத்த தாவரவியலாளர் குளூசியஸ் வேலை பார்த்தது அங்கே. நேரம் இல்லை, வேலிக்கு வெளியே பார்த்ததோடு சரி.

ஒரு மணிக்கு ரயில், ஒன்றே காலுக்கெல்லாம் ஸ்கிபோல். வரிசை அன்றைக்கு நீளமாகத்தான் இருந்தது, எங்களுக்கு ஒரு பதற்றமும் இல்லை.

இதே கணக்கை மற்ற ஊர்களுக்கும் போடலாம். ஃபிராங்க்ஃபர்ட் என்றால் நகரத்துக்கு எதிர்த்திசையில் மைன்ஸ், ரயிலில் சுமார் அரை மணி. அங்கே புனித ஸ்தேவான் ஆலயத்தில் ஓவியர் ஷகால் தன் தொண்ணூறு வயதுக்கு மேல் வடித்த நீலக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. வெயில் இருக்கும்போது உள்ளே போனால் தரை முதல் தூண் வரை நீலம். மியூனிக்கில் பேருந்து ஏறினால் ஃப்ரைசிங், குன்றின் மேல் பேராலயம். வியன்னாவில் பணத்தைக் கொட்டி விரைவு ரயில் ஏற வேண்டாம், எஸ்7 ரயிலே போதும். அது நகரத்துக்குப் போகும் வழியில் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும், பீத்தோவனும் ஷூபர்ட்டும் அருகருகே இருக்கிறார்கள். கோபன்ஹேகனில் மெட்ரோ ஏறி அமாகர் ஸ்ட்ராண்டில் இறங்கினால் கடற்கரை, பத்து நிமிடம்கூட ஆகாது. இஸ்தான்புல் ஷெங்கன் இல்லை, விசா தனி. அங்கே மட்டும் டர்கிஷ் ஏர்லைன்ஸ் தன் பயணிகளை ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறது. ஆகவே பெரிய நகரத்துக்கே போகலாம்.

விசா விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே போக ஷெங்கன் விசா வேண்டும். போகும்போதும் வரும்போதும் இறங்கிப் பார்க்க ஆசை என்றால் பலமுறை நுழைவு அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விமான நிலையத்துக்குள்ளேயே மாறவும் டிரான்சிட் விசா தேவை. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால் விலக்கு உண்டு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு நாட்டுக்கு நாடு மாறும், டிக்கெட் போடும் முன்பே அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். வழியில் இரண்டு ஷெங்கன் நிலையங்கள் வந்தால், அதாவது ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ஃபிராங்க்ஃபர்ட் போய் அங்கிருந்து வெளிநாடு என்றால், நடுவே எல்லைக்குள் நுழைந்தாக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இப்படி டிக்கெட் போட்டு, ஏறும் இடத்திலேயே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. இரண்டு விமானமும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் பெட்டியை நீங்களே எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும், தவறவிட்ட விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அந்த மாதிரிப் பயணத்தில் ஊர் சுற்றும் எண்ணமே வேண்டாம்.

விசா இல்லாமல் உள்ளேயே இருக்கிறவர்களுக்கு, அல்லது வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஸ்கிபோலில் ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட் சோதனைக்கு அந்தப் பக்கம், ஈ, எஃப் என்ற இரண்டு கேட் வரிசைகளுக்கு நடுவே, ஹாலந்து புலவார் என்ற பகுதியில், ஆம்ஸ்டர்டாமின் பெரிய ஓவிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்தின் சின்னக் கிளை. 2002இல் தொடங்கியது. நகல் கிடையாது, அசல் டச்சு ஓவியங்களே. ஒரு சில படங்கள்தான், கட்டணம் இல்லை. நாங்கள் கேட்டுக்குப் போகும் முன் அங்கே கால் மணி நேரம் நின்றோம்.