பழைய ஃபியட் லீனியாவும் அதன் கெட்ட பெயரும்

இந்தியாவின் செகண்ட் ஹேண்ட் கார் சந்தையில் தரத்துக்கும் விலைக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்த கார், ஃபியட் லீனியாவைப் போல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2012-ஆம் ஆண்டு பதிவான லீனியா மல்டிஜெட் டீசல் காரைச் சில ஆண்டுகளுக்கு முன்பு கோயம்புத்தூரில் வாங்கினேன். இன்றும் அதைத்தான் அன்றாடம் ஓட்டுகிறேன். அதே ஆண்டில் பதிவான மாருதி டிசைர் டீசலுக்கு அப்போது சொல்லப்பட்ட விலையில் ஏறக்குறையப் பாதிதான் இதற்குக் கேட்டார்கள். இரண்டிலும் இருப்பது அடிப்படையில் ஒரே இன்ஜின். லீனியாவில் அதன் வலு இன்னும் கூடுதல். அப்படியிருந்தும் விலை பாதியாக நின்றதற்கு, ஃபியட் அடிக்கடி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், ஸ்பேர் கிடைக்காது, திரும்ப விற்கவும் முடியாது என்ற பேச்சுதான் காரணம். அந்தப் பேச்சில் எது உண்மை, எது கேட்டுக் கேட்டுப் பழகியது என்று பிரித்தறியாமல் இந்தக் காரை வாங்கவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்ஜினிலிருந்தே தொடங்குகிறேன். 1248 சிசி கொண்ட இந்த 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் 2003-இல் ஐரோப்பாவில் அறிமுகமானது. 2005-இல் சர்வதேச அளவில் வழங்கப்படும் ஆண்டின் சிறந்த இன்ஜின் விருதுகளில் தன் கொள்ளளவுப் பிரிவின் பரிசைப் பெற்றது. 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலில் இது வந்தபோதுதான் நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் சிறிய டீசல் காரை நம்பி வாங்கத் தொடங்கின. ஃபியட்டிடம் உரிமம் பெற்று, மாருதிக்காக மானேசரில் இதே இன்ஜின் தயாரிக்கப்பட்டது. டிடிஐஎஸ் என்ற பெயரில் ஸ்விஃப்ட், டிசைர், ரிட்ஸ், எர்டிகா எனப் பல கார்களில் இடம்பெற்றது. டாடா விஸ்டாவிலும் மான்சாவிலும் குவாட்ராஜெட் என்ற பெயரில் ஓடியதும் இதுவே. 2020-இல் வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்து மாருதி டீசல் கார்களை நிறுத்தும் வரையில், நம் டாக்ஸி ஓட்டுநர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய இன்ஜின் இது. ஸ்விஃப்டில் இருந்தால் நம்பிக்கைக்கு உரியதாகவும் லீனியாவில் இருந்தால் சந்தேகத்துக்கு உரியதாகவும் ஒரே இன்ஜின் மாறிவிட வாய்ப்பில்லை.

இன்னொரு செய்தியையும் இந்த இடத்தில் சொல்ல விரும்புகிறேன். இன்று உலகெங்கும் டீசல் கார்களில் உள்ள காமன் ரெயில் முறை, அதாவது எரிபொருளை ஒரு பொதுக் குழாயில் மிகை அழுத்தத்தில் தேக்கிவைத்து, மின்னணுக் கட்டுப்பாட்டின் மூலம் இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் முறை, இத்தாலியின் ஃபியட் குழுமத்தின் ஆய்வுக்கூடங்களில் கார்களுக்கு ஏற்றதாக வளர்த்தெடுக்கப்பட்டுப் பின்னர் பாஷ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1997-இல் அந்த முறையுடன் முதலில் விற்பனைக்கு வந்த கார், அதே குழுமத்தின் ஆல்ஃபா ரோமியோ 156. இத்தாலியர்களுக்கு அழகாகக் கார் செய்ய மட்டுமே தெரியும், பொறியியல் தெரியாது என்ற கருத்தை நான் ஏற்காததற்கு இது ஒன்றே போதுமானது.

அப்படியானால் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் இத்தாலியக் கார்கள் மீதான அந்தப் பெயருக்கு உண்மையான அடிப்படை இருந்தது. 1970-களில் வந்த ஆல்ஃபா ரோமியோவின் ஆல்ஃபாசுட் ஓட்டுவதற்கு மிகச் சிறந்ததாக இருந்தும் அதன் உடல் விரைவிலேயே துருப்பிடித்தது. ஃபியட் குழுமத்தின் லான்சியா பீட்டாவின் துரு விவகாரம் அதைவிட மோசமானது. இன்ஜினைத் தாங்கும் சட்டமே அரித்துப்போனதால், பிரிட்டனில் விற்ற கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நிலைக்கு அந்நிறுவனம் தள்ளப்பட்டது. குளிரும் ஈரமும் சாலையில் தூவும் உப்பும் உள்ள நாடுகளில் எழுந்த அந்தப் பெயர், அதன் காரணங்களைப் பின்னால் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தது.

இந்தியாவில் ஃபியட்டின் வரலாறு முற்றிலும் வேறு. பம்பாயின் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100, பின்னர் பத்மினி என்று பெயர் மாறி, அந்நகரத்தின் டாக்ஸியாகப் பல பத்தாண்டுகள் ஓடியது. தெருமுனை மெக்கானிக்குக்கும் அதன் ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் ஃபியட் என்றால் உழைக்கும் கார் என்றுதான் பொருள். சரிவு 1990-களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஃபியட் யூனோ காருக்கு ஏராளமானோர் முன்பதிவு செய்திருந்த நேரத்தில் குர்லா ஆலையில் தொழிலாளர் பிரச்சினை வெடித்து உற்பத்தி முடங்கியது. பணம் கட்டியவர்கள் காத்துக் கிடந்தார்கள். 2001-இல் வந்த பாலியோ நல்ல கார். சச்சின் டெண்டுல்கர் அதற்கு விளம்பரத் தூதராக இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதன் பின் டாடாவுடன் கூட்டு ஏற்பட்டு, புனே அருகிலுள்ள ரஞ்சன்காவ் ஆலையில் 2009 முதல் லீனியாவும் புன்ட்டோவும் உருவாயின; விற்பனையும் சர்வீஸும் இரு நிறுவனங்களுக்கும் பொதுவான ஷோரூம்களில் நடந்தன. 2012-இல் அந்த விற்பனை ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்த ஃபியட், தனியாக ஷோரூம்களை அமைக்க முயன்றது. ஆனால் எண்ணிக்கை போதுமான அளவுக்கு உயரவில்லை. 2019-இல் இரண்டு கார்களும் நிறுத்தப்பட்டன. இந்த வரிசையைப் பார்த்தால், உரிமையாளர்களை அலைக்கழித்தது பெரும்பாலும் காருக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டிய ஏற்பாடுகள் அடிக்கடி மாறியதுதான் என்பது புரியும்.

எனவே, நம்பகமானதா என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, கார் பழுதாகுமா என்பது. மற்றொன்று, பழுதானால் சரிசெய்ய முடியுமா என்பது. லீனியாவின் இன்ஜின், கியர்பாக்ஸ் பகுதியில் இரண்டுக்கும் நல்ல விடை உண்டு. பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, மீட்டர் போர்டு, கதவின் உட்புறப் பிளாஸ்டிக் ஆகியவற்றில் இரண்டாவது கேள்விக்கு விடை கடினம், ஏனெனில் அவை வேறு எந்தக் காருக்கும் பொதுவானவை இல்லை. லீனியா விற்ற எண்ணிக்கையும் குறைவு. இந்த வேறுபாடு தெளிவாகிவிட்டால், காரைச் சோதிக்கும் வரிசையையே மாற்ற வேண்டியிருக்கும்.

வழக்கமாகப் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். லீனியாவுக்கு நான் சொல்லும் வரிசை அதற்கு நேர்மாறானது. இரண்டு ஹெட்லைட்டுகளின் தாங்கிகளும் உடையாமல் இருக்கின்றனவா, பின் விளக்குகளில் ஈரம் கட்டியிருக்கிறதா, நான்கு பவர் விண்டோக்களும் சீராக ஏறி இறங்குகின்றனவா, பக்கக் கண்ணாடிகள் முழுமையாக உள்ளனவா, மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சாவியைத் திருப்பியதும் எரிந்து இன்ஜின் ஓடியதும் அணைகின்றனவா என்று பார்த்த பிறகே இன்ஜினிடம் போக வேண்டும். இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடவிடாத இம்மொபிலைசரின் குறியீடு அச்சிட்ட கோட் கார்டு பழைய உரிமையாளரிடம் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். சாவி தொலையும் நாளில் அதன் அருமை தெரியும். நான் உடன் அழைத்துச் சென்ற மெக்கானிக் பல ஆண்டுகளாக ஸ்விஃப்ட் டீசல்களைப் பிரித்துக் கோத்தவர். இன்ஜினைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், விளக்கும் கண்ணாடியும் உடையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றும் அவர் அன்று சொன்னது, இந்தக் காரைப் பற்றி நான் கேட்ட அறிவுரைகளிலேயே மிகவும் பயனுள்ளது.

இன்ஜினில் பார்க்க வேண்டியது, ஆயில் மாற்றிய வரலாறு. இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க மல்டிஜெட்டில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதால், பழைய ஆயிலோடும் குறைந்த ஆயிலோடும் ஓட்டப்பட்ட இன்ஜினில் செயின் நீண்டுவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கலகலவென்று சத்தம் வரும். ஆகவே காரை இரவு முழுவதும் நிறுத்திவைத்திருந்து, காலையில் நீங்கள் போன பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போவது நல்லது. பெட்ரோல் லீனியாவாக இருந்தால் கதை வேறு, 1.4 ஃபயர் இன்ஜினிலும் டர்போ கொண்ட டி-ஜெட்டிலும் இருப்பது பெல்ட். அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியையும் பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் வந்த லீனியாக்கள் தரையிலிருந்து உயரம் குறைந்தவை. வேகத்தடைகளில் உரசிய தழும்பு இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தட்டான சம்பில் இருக்கக்கூடும்.

காகிதங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பத்து ஆண்டைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து, அங்கிருந்து மலிவு விலையில் கார்கள் தெற்கே வருகின்றன. அவற்றுக்கு என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது மலிவு என்று நினைத்ததில் பெரும்பகுதி கரைந்துவிடும். உள்ளூர்ப் பதிவெண் கொண்ட, வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்ட காருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதே மேல்.

வாங்கியவுடன், விலையில் மிச்சப்பட்டதாகக் கருதிய பணத்தில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துவைத்து, அதைக் காருக்கே செலவழித்தேன். எல்லா ஃபில்டர்களும், ஆயிலும், கூலன்ட்டும், பிரேக் ஆயிலும் மாற்றப்பட்டன. முன்பக்க சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் புஷ்களும் லிங்க் ராடுகளும் வயதின் காரணமாகத் தேய்ந்திருந்தன. நம் சாலைகளில் இந்த எடையுள்ள எந்தக் காருக்கும் நேர்வதுதான் அது. பாட்டரியையும் புதிதாக மாற்றி, எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்யச் சொன்னேன். இந்தத் தலைமுறைக் கார்களில் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருப்பதால், பாட்டரி பலவீனமானாலே தொடர்பில்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து விலை உயர்ந்த பாகங்களை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் செய்த பிறகு கிடைக்கும் காரைப் பற்றி எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியை அடக்க முடியவில்லை. ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகை. சாலையின் ஒவ்வொரு மாற்றமும் கைக்கு வந்து சேர்கிறது. சேலம் நெடுஞ்சாலையில் காற்று வீசும் நாட்களில்கூடக் கார் நேர்க்கோட்டிலிருந்து விலகுவதில்லை. குழிகளில் இறங்கி ஏறும்போது சஸ்பென்ஷன் எழுப்பும் தாழ்ந்த, அழுத்தமான ஒலியைக் கேட்டால், இந்த விலையில் இப்படி ஒரு கட்டமைப்பு இனி கிடைக்குமா என்று தோன்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் பாதையில் இந்தக் காரின் ஒரு குணத்தைப் பழகிக்கொள்ள வேண்டும்: டர்போ முழு வலுவுடன் வேலை செய்ய இன்ஜின் சுழற்சி 2000-ஐ நெருங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் சோம்பலாக நுழைந்தால் கார் திணறும். தயங்காமல் முதல் கியருக்கு இறக்கினால் எளிதாக ஏறிவிடும். நீண்ட ஏற்றம் முடிந்ததும் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பிறகு அணைப்பது டர்போவின் ஆயுளைக் காக்கும்.

உதிரிபாகத் தேடலில் அறிவுக்குத்தான் முதலிடம். லீனியா டீசலில் உள்ளது மாறும் வடிவமைப்புள்ள டர்போ கொண்ட 90 குதிரைத்திறன் வகை. ஆகவே டர்போ சார்ந்த பாகங்களுக்கு ஸ்விஃப்டைவிட, இதே வகை இன்ஜின் கொண்ட மாருதியின் எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், டாடாவின் மான்சா ஆகியவற்றைப் பார்ப்பதே பொருத்தம். ஆயில் ஃபில்டர் போன்றவை எங்கும் கிடைக்கின்றன. உடல் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் பிரித்து விற்கும் கடைகளையும் பிற லீனியா உரிமையாளர்களையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஒருவர் காரைப் பிரிக்கப் போகிறார் என்று தெரிந்தால் அந்தச் செய்தி மற்றவர்களுக்குப் பரவிவிடும். இப்படித்தான் நான் ஒரு ஜோடி ஹெட்லைட்டுகளை, தேவைப்படும் முன்பே வாங்கி வைத்தேன்.

அவசர வேலைக்கு ஒரே காரை நம்பியிருப்பவர், விபத்தில் பம்பர் உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாதவர், மூன்று ஆண்டில் விற்றுவிட எண்ணுபவர் ஆகியோருக்கு இந்தக் காரை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்கு டிசைரே சரி. தெரிந்த மெக்கானிக் ஒருவரும், வீட்டில் மற்றொரு வாகனமும், காரைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளும் ஆர்வமும் உள்ளவருக்கு லீனியா இன்றும் மிகச் சிறந்த தேர்வு.

என் காருக்கு 2027-இல் பதினைந்து ஆண்டு நிறைகிறது. தகுதிச் சோதனை முடித்து, பசுமை வரி கட்டி, மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்கு முன்பாக டைமிங் செயினையும் டென்ஷனரையும் ஒன்றாக மாற்றிவிட வேண்டும், பாகங்களுக்குச் சொல்லியாயிற்று.