மண்பாண்ட வகுப்பில் சேரும் முன் பானையைக் கவிழ்த்துப் பாருங்கள்

சமூகக் கைவினை மையம் ஒன்றில் பத்து வார மண்பாண்ட வகுப்புக்குப் போய் வந்தேன். வனைந்தது இருபதுக்கு மேல், கடைசியில் உருப்படியாக வீட்டுக்கு வந்தது மூன்று. அதில் ஒன்றை மையத்தின் கண்காட்சியில் வைத்தார்கள். சேர நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய கண்காட்சிக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கேட்டுவிட்டு ஒரு கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். வெளிப்பக்க வண்ணத்தில் யாரும் நம்மை ஏமாற்றலாம், அடிப்பாகம் பொய் சொல்லாது. அடி சீராகச் செதுக்கப்பட்டு, கைக்கு உறுத்தாமல், கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரிப் படியும் பூச்சு) வழியாமல் இருந்தால் அங்கே பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். மாணவர்கள் செய்த எல்லாமே ஆசிரியர் செய்ததன் நகல் மாதிரி இருந்தால் நான் சேர மாட்டேன்.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: வகுப்பு இல்லாத நாளில் உள்ளே வந்து வேலை செய்யலாமா? நான் கேட்கவில்லை, அனுபவித்தேன். வனைந்த பாத்திரம் பாதி காய்ந்து, நகம் பட்டால் தடம் விழும் ஆனால் அமுக்கினால் நெளியாது என்கிற நிலைக்கு வரும்போதுதான் அடியைச் செதுக்க முடியும். தோல் பதம் என்பார்கள். வாரம் ஒரு வகுப்பு என்றால் அந்தப் பதம் நாம் வீட்டில் தூங்கும்போது வந்து போய்விடும். நாலு கிண்ணம் அப்படியே எலும்பாகக் காய்ந்து போயின. வேறு வழியில்லை என்றால் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு வாருங்கள். விளிம்புதான் முதலில் காயும், அதனால் அங்கே இறுக்கமாகச் சுற்றுங்கள்.

முதல் மூன்று வாரம் மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதற்கே சரியாகப் போகும். வெட்கப்பட ஒன்றுமில்லை. கையால் தள்ளாதீர்கள், முழங்கையைத் தொடையில் ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுங்கள். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டபோதுதான் பிடிபட்டது. மண் ஆடுவதும் நிற்பதும் உள்ளங்கைக்கு நன்றாகவே தெரிகிறது.

சூளையில் என் தடித்த ஜாடி ஒன்று வெடித்து, பக்கத்தில் இருந்தவரின் மூடியையும் உடைத்தது. காற்றுக்குமிழிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி ஈரம். 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே மாட்டிய தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருகிறது. அதனால் சுடக் கொடுக்கும் முன் பாத்திரத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சூளையை ஆற விடாமல் திறக்கச் சொல்லி நச்சரிக்கவும் வேண்டாம். 573 டிகிரி வாக்கில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற தாதுவின் பருமன் மாறும், அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் விரிசல்தான். முதல் சூடு சுமார் 1000 டிகிரி, கிளேஸ் பூசியபின் இன்னொரு சூடு. கெட்டியான ஸ்டோன்வேர் மண் என்றால் அது 1200-க்கு மேல் போகும். ஈர மண்ணிலிருந்து கடைசிச் சூடு வரை பாத்திரம் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சுருங்கும் என்பதையும் மறக்காதீர்கள். பெரிய குவளை என்று நினைத்து வனைந்தது இப்போது என் மேஜையில் பென்சில் கூட வைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. மூடியையும் பாத்திரத்தையும் ஒரே மண்ணில் ஒரே நாளில் செய்யுங்கள்.

மேஜையைச் சுத்தம் செய்ய ஈரத் துணிதான், துடைப்பம் கூடாது. காய்ந்த மண்தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது.

கண்காட்சிக்கு மூன்றையும் கொடுத்தேன். கொடுக்கும் முன் படிவத்தை வரி விடாமல் படியுங்கள்: விற்றால் மையத்துக்குக் கமிஷன் எவ்வளவு, உடைந்தால் யார் பொறுப்பு, விற்ற பொருளைக் கண்காட்சி முடியும் முன் எடுத்துப் போகலாமா. விலை போடும்போது வெடித்ததையும் விரிசல் விட்டதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். எனக்குப் பிடித்த நீலக் குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கிளேஸ் வழிந்து சூளைத் தட்டில் ஒட்டியிருந்ததை நான் கல்லால் தேய்த்து மறைத்திருந்தேன், தேர்வுக் குழுவில் ஒருவர் கட்டைவிரலால் அடியை ஒரே தடவு தடவினார், அவ்வளவுதான். இன்னொன்றையும் எடுக்கவில்லை, அதற்கு என்ன குறை என்று நானே போய் அவரிடம் கேட்டேன். மூன்றும் மூன்று பேர் செய்தது போல இருக்கிறது, அடுத்த முறை ஒரே குடும்பமாகக் கொண்டுவாருங்கள் என்றார். கேட்காமல் இருந்திருந்தால் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தேர்வானது அலங்காரமே இல்லாத பழுப்புக் கிண்ணம். முதல் நாள் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த ஒரு அம்மா அதை எடுத்தார், கவிழ்த்தார், அடியை விரலால் சுற்றி வந்தார், பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார். வாங்கவில்லை. எனக்கு அன்றைக்கு அதுவே போதும் என்றிருந்தது.