வர்க்கியை ஒட்டித் தா

பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயது நாலு மாதம். போன மாதம் ஒரு நாள் காலை, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தலையில் இருந்த குல்லாவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். டீயில் முக்கித் தின்னட்டும் என்று அவள் கையில் ஒரு வர்க்கி கொடுத்தேன். நீலகிரிக்காரர்களுக்கு வர்க்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அது ஒரு மொறுமொறு பேக்கரிப் பண்டம், அடுக்கடுக்காக இருக்கும், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே இரண்டாகிவிடும். ஆகிவிட்டது.

"ஒட்டு" என்றாள்.

ஒட்டாது கண்ணு என்றேன். வேறு ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கி வீசினாள். அவளுக்கு வேண்டியது வேறு வர்க்கி இல்லை. அதே வர்க்கி, ஆனால் உடையாமல். அப்புறம் மல்லாக்கப் படுத்துக்கொண்டு தரையைக் குதிகாலால் உதைத்து, ஸ்வெட்டர் பட்டனைப் பிய்த்து, கீழ் வீட்டுக்காரர்கள் படியேறி வந்து பார்க்கும் அளவுக்கு ஒரு கத்தல். இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்ததால்தான் இருபது; பார்க்காமல் இருந்திருந்தால் ஒரு மணி நேரம் என்று சத்தியமே செய்திருப்பேன்.

அந்த இருபது நிமிடத்தில் நான் செய்தவற்றை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மைதாவில் சுட்ட பண்டம் ஏன் ஒட்டாது என்று விளக்கினேன். "பாப்பா நல்ல பிள்ளைதானே?" என்று கேட்டேன். "என்னதான் வேணும் உனக்கு?" என்று அதட்டினேன். போனை நீட்டினேன், அதுவும் பறந்தது. கடைசியில், "இப்படிக் கத்தினா கரடி வந்துரும்" என்றேன்.

இந்தக் கரடி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கீழ்நாட்டில் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பூச்சாண்டி இருக்கிறான். அவன் வரமாட்டான் என்று சொல்பவருக்கும் தெரியும், இரண்டு வருடத்தில் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். கோத்தகிரியில் கரடி நிஜமாகவே வரும். எங்கள் தெருவில் ராத்திரி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு கோபப்படும் பிள்ளையிடம் கரடி வரும் என்று சொன்னதன் பலன், ஒரு வாரம் அவள் இருட்டிய பிறகு பாத்ரூம் பக்கம் வரவில்லை. கத்தலும் குறையவில்லை. இப்போது கரடிக்கும் சேர்த்துக் கத்தினாள்.

அன்றைக்கு அதை முடித்து வைத்தது என் அம்மா. பக்கத்து லைனிலிருந்து ஒரு கூடை பட்டாணியோடு வந்தவர், பாப்பாவுக்கு இரண்டு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டாணி உரிக்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தபோது, "தம்பி, நீ போய்க் காலைக் கழுவு" என்றார். கழுவிவிட்டு வந்து பார்த்தால் கத்தல் அழுகையாக மாறியிருந்தது. அம்மா அப்போதுதான் திரும்பி, "முழுசா வேணும்னு இருந்துச்சு, உடைஞ்சு போச்சு" என்றார். அவ்வளவுதான். பாப்பா தவழ்ந்து போய் அப்பாயி மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். முறம் கவிழ்ந்து பட்டாணி வீடெங்கும் ஓடியது தனிக்கதை.

அம்மா இலங்கையில் பிறந்தவர். அங்கே தோட்டங்களில் இருந்த தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதற்கான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964-ல். அதன்படி தாயகம் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இந்தப் பக்கம் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். முதலில் கொழுந்து எடுத்தார். முதுகுவலி வந்த பிறகு தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. அதை அவர் இன்றைக்கும் அங்கே பழகிய வார்த்தையில் 'புள்ளக் காம்பரா' என்றுதான் சொல்வார். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. இரண்டு ஆயா, இருபத்துச் சொச்சம் பிள்ளைகள். "ஒண்ணொண்ணுக்கும் மிட்டாய் குடுத்து அடக்க முடியுமா? ஒண்ணு கத்தினா அடுத்ததும் கத்தும். அதனால மொதல்ல நாம கத்தக் கூடாது" என்பார். எல்லாவற்றிலும் மோசமான நேரம் எது என்று கேட்டேன். சாயங்காலம், தாய்மார்கள் இலை நிறுத்துவிட்டு வருவதற்கு முந்தைய அரை மணி நேரமாம். பசி, தூக்கம், அம்மா ஞாபகம், மூன்றும் ஒன்றாக வரும் நேரம்.

நான் ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் இருக்கிறேன். ராத்திரி முழுக்க ட்ரஃப் என்ற நீளத் தொட்டியில் பரப்பிய இலைக்கு அடியிலிருந்து காற்று ஓடும், நடுநடுவே கிளறிவிட வேண்டும், மற்றபடி காத்திருப்பதுதான் வேலை. அந்த நேரத்தில் போனில் பிள்ளைகள் அடம்பிடித்துக் கத்துவதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று அம்மாவின் பட்டாணிக் கூடையோடு அப்படியே பொருந்தியது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிரீன், மைக்கேல் பொட்டேகல் என்ற ஆராய்ச்சியாளர்கள் சின்னக் குழந்தைகளின் உடுப்புக்குள் சிறு மைக் வைத்து, அடம்பிடித்துக் கத்தும்போது எழும் சத்தங்களைப் பதிவு செய்து பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் அந்த ஆய்வு வந்தது. வீறிடுவதும் கத்துவதும் ஒரு கூட்டம், அது கோபம். அழுவதும் சிணுங்குவதும் இன்னொரு கூட்டம், அது துக்கம். முதலில் கோபம், அது தீர்ந்த பிறகு துக்கம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லையாம். துக்கம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோபம் அதன் மேல் திடீரென்று ஏறி, உச்சிக்குப் போய், இறங்குகிறது. அந்த ஏற்றத்தின்போது பெற்றோர் கேள்வி கேட்டாலோ விளக்கம் சொன்னாலோ கோபம் இறங்க நேரமாகும் என்கிறார் பொட்டேகல். சும்மா இருப்பதுதான் சுருக்கு வழி.

இதைப் படித்த பிறகு நான் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் சத்தத்தைக் காதால் கேட்க ஆரம்பித்தேன். பாப்பாவின் கத்தலுக்கு ஒரு கூர்மை உண்டு, 'ஆ'வென்று நேராகப் போகும். அது இருக்கும்வரை நான் கதவுப்படியில் உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகமாட்டேன், பேசமாட்டேன், தொடமாட்டேன். தொட்டால் உதைதான். பிறகு ஒரு கட்டத்தில் சத்தம் உடையும். மூச்சு விக்கும், 'ஊ' என்று கீழே இறங்கும், கண் என்னைத் தேடும். அப்போது ஒரே ஒரு வாக்கியம், நடந்தது எதுவோ அதை மட்டும். "ஸ்வெட்டர் வேண்டாம்னு சொன்னே, அப்பா போட்டுட்டேன்." அப்புறம் கையை நீட்டினால் வந்துவிடுகிறாள். ஸ்வெட்டர் மட்டும் போட்டபடியே இருக்கும். மார்கழிக் குளிரில் அதில் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லா நேரமும் உட்கார்ந்திருக்க முடியாது என்பதும் உண்மை. மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, நடந்துதான் வருவேன் என்று ரோட்டிலேயே படுத்துக்கொண்டாள் ஒரு நாள். ஐம்பதடி தள்ளித் தேயிலைக்குள் ஒரு காட்டெருமை நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. காட்டெருமைக்கு முன்னால் என்ன உளவியல்? கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். முகத்தில் நாலு கீறல். பாதுகாப்பான இடத்துக்கு வந்து இறக்கிவிட்ட பிறகு அங்கே உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தடவை அவள் வீறிட ஆரம்பித்து, சத்தமே வராமல் மூச்சு நின்று, உதடு நீலமாகிவிட்டது. சில நொடிதான். தானாக மூச்சு திரும்பியது. ஆனால் அந்த நொடிகளில் எனக்கு என்ன ஆனது என்று எழுத வரவில்லை. மறுநாளே டாக்டரிடம் போனோம். இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும் என்றார். இரும்புச்சத்து குறைவாக இருந்தாலும் வரலாம் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். குறைவாகத்தான் இருந்தது. சிரப் கொடுத்தார்கள், அதன் பிறகு வரவில்லை. உங்கள் பிள்ளைக்கு இப்படி ஆனால் "அடம் பிடிக்குது" என்று விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள்.

என் மனைவிக்கும் எனக்கும் ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. கத்தி முடித்த பிறகு கேட்டதைக் கொடுக்கலாமா? கத்தினதற்காகக் கொடுத்ததாக ஆகிவிடும் என்பது என் கட்சி. "ஒரு முழு வர்க்கிக்கு இவ்வளவு கொள்கையா?" என்பது அவள் கட்சி. போன் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்று: அழுகையை நிறுத்தப் போன் கிடையாது.

சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் ஒரு மாதம் குறித்து வைத்தேன். பெரிய கத்தல்கள் பாதிக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலும் சாயங்காலம் ஐந்தரையை ஒட்டியும்தான். அந்த ஐந்தரை, அம்மா சொன்ன காம்பரா நேரமேதான். இப்போது பதினொன்றரைக்கே ஒரு வாய் சோறு ஊட்டிவிடுகிறேன், ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம். நான் படித்ததில் எதுவும் இந்த வாழைப்பழம் அளவுக்கு வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது.

நான் மாறிவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கோபத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறதாம். எனக்கு முப்பத்து நாலு. போன வெள்ளிக்கிழமை, தூங்காத கண்ணோடு, டம்ளரைக் கொட்டினாள் என்று நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு நாய் குரைத்தது. பாப்பா அழவில்லை, என்னையே பார்த்தாள். அம்மா பட்டாணியை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தார்.

பேக்கரிக்காரர் இப்போது நான் கேட்காமலே முழு வர்க்கியாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போடுகிறார். வீட்டுக்கு ஏறி வருவதற்குள் எப்படியும் இரண்டு உடைந்துவிடும். அந்த இரண்டையும் வழியிலேயே நான் தின்றுவிடுகிறேன்.