இருட்டிலும் மணி சொல்லும் ஒல்லாந்து மணிக்கூடு

ஊசல் மணிக்கூட்டின் வரலாறும் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கியவை. கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656 இல் ஊசலைக் கொண்டு மணிக்கூட்டை ஒழுங்குபடுத்தும் முறையை வகுத்தார். ஹேக் நகரத்து சலமோன் கொஸ்தர் 1657 இல் அதற்கான உரிமையைப் பெற்று அத்தகைய மணிக்கூடுகளைச் செய்யத் தொடங்கினார். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறியது.

நேரந்தவறாப் பூசைக்குப் பெயர்போன நல்லூர்க் கோயிலின் மணியோசை கேட்கும் தூரத்தில், உறவினர் வீடொன்றில், பதினெட்டாம் நூற்றாண்டின் ஒல்லாந்து மேசை மணிக்கூடு ஒன்று இருக்கிறது. மேசையிலோ சுவரில் அடித்த தாங்கியிலோ வைக்கப்படும் வகை அது. பெட்டி கருங்காலி போலத் தோன்றினாலும் உண்மையில் கறுப்புச் சாயமேற்றி மெருகிட்ட பழமரப் பலகைதான். வன்னிக் காட்டில் கருங்காலியைக் கண்டு வளர்ந்த நமக்கு அது சற்று ஏமாற்றமே.

ஆனால் அதன் பெருமை பெட்டியில் இல்லை. மணி அடிக்கும் முறையில் இருக்கிறது. அரை மணிக்கு ஒரேயொரு தட்டுத் தட்டும் சாதாரண மணிக்கூடு இரவில் நம்மைக் குழப்பும். பன்னிரண்டரைக்கும் ஒன்று, ஒரு மணிக்கும் ஒன்று, ஒன்றரைக்கும் ஒன்று. ஒல்லாந்துத் தொழிலாளர் இதற்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு மணிகளை வைத்தார்கள். முழு மணியானதும் பெரிய மணி அத்தனை தடவை ஒலிக்கும். அரை மணியில் சிறிய மணி, வரப்போகும் மணியின் எண்ணிக்கையை முன்கூட்டியே அடிக்கும். ஆகவே பன்னிரண்டரைக்குச் சிறிய மணி ஒரு தடவையும், ஒரு மணிக்குப் பெரிய மணி ஒரு தடவையும், ஒன்றரைக்குச் சிறிய மணி இரண்டு தடவையும் ஒலிக்கும். விளக்கேற்றாமலே நேரம் தெரிந்துவிடும். இந்த வசதிக்கு விலையும் உண்டு: சாதாரண முறையில் நாளொன்றுக்கு 180 அடி போதுமாயிருக்க, இங்கே 312 அடி வேண்டும், அத்தனைக்கும் ஈடுகொடுக்கும் சுருள்வில் வேண்டும்.

முழுதாக முறுக்கிய சுருள்வில் பலமாக இழுக்கும், தளரத் தளர இழுவை குறையும். நேரமும் அதற்கேற்ப மாறும். இதைச் சமன்செய்யவே கூம்பு வடிவ உருளை ஒன்று உள்ளே இருக்கிறது. அதன்மேல் நத்தை ஓடுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளத்தில் குடல்நரம்புக் கயிறு படிகிறது. வில் பலமாயிருக்கும்போது கயிறு கூம்பின் ஒடுங்கிய முனையையும், வில் தளர்ந்தபின் அகன்ற அடியையும் இழுப்பதால், பல்லுச் சக்கரங்களுக்குக் கிடைக்கும் விசை ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவு, அந்த வில்லுக்கென்றே கணித்துக் கடைந்தது. அறிவும் கையும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

கயிறு அறுந்தபோது, உருக்குக் கம்பி போட்டால் நீடித்து உழைக்குமே என்று உறவினர் கேட்டார். பழுதுபார்க்க வந்த முதியவர் சம்மதிக்கவில்லை. “கம்பி பித்தளையை அரிச்சுப்போடும், ஐயா. கயிறு அறுந்தா வேறை போடலாம். பள்ளம் போனா என்ன செய்யிறது?” என்றவர், என் பக்கம் திரும்பி, “பின்பக்கத்தைப் பாருங்கோ தம்பி” என்றார்.

பின்தகடு முழுவதும் கொடியும் இலையுமாகச் செதுக்கு வேலை. சுவரைப் பார்த்தபடி நிற்கவேண்டிய தகட்டுக்கு இத்தனை உழைப்பு! அதன் குறுக்கே சிறிய குண்டுடைய குட்டையான ஊசல் ஆடுகிறது. வாள்பல் போன்ற பற்களையுடைய கிரீட வடிவச் சக்கரத்தை, நிறுத்துத்தண்டின் இரு சிறு தகடுகள் மாறிமாறித் தடுத்தும் விடுவித்தும் ஒவ்வொரு பல்லாக நகரவிடும் பழைய முறை இது. நங்கூர வடிவத் துண்டொன்றால் சக்கரத்தைத் தடுத்து விடுவிக்கும், பின்வந்த நங்கூர முறை துல்லியத்தில் இதனினும் மேலானது. எனினும் தளம் சற்றுச் சரிந்திருந்தாலும் இது நிற்காமல் ஓடும் என்பதால், அறைக்கு அறை தூக்கிச் செல்லும் மணிக்கூட்டுக்கு இதுவே பொருந்தியது. பிற்காலத்தில் பலர் இதைக் கழற்றி நங்கூரத்தைப் பொருத்தினார்கள். அப்படி மாற்றியவற்றின் பின்தகட்டில் அடைத்த துளைகள் தெரியும். முதியவர் கண்ணாடிவில்லையை வைத்து நெடுநேரம் தேடினார்; இதில் ஒரு துளையும் இல்லை.