கறைக்கு அடியில் இருந்த கழுத்துரு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் குடும்ப வீடான வளவின் பட்டாலைக் கூடத்துச் சுவரில் நெடுங்காலமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு படத்தைச் சென்ற ஆண்டு சட்டத்திலிருந்து கழற்றினேன். ஐயாவை, அதாவது என் தாத்தாவைப் பெற்றவர்கள் மணமான புதிதில் எடுத்துக்கொண்ட படம் அது. ஓட்டிடுக்கில் ஒழுகிய மழைநீர் சட்டத்துக்குள் இறங்கி, மணப்பெண்ணின் கழுத்திலிருந்து இடுப்புவரை பழுப்பு மஞ்சளாக ஒரு கறையைப் பதித்திருந்தது. பொன் உருக்களைக் கோத்த மணமாலையான கழுத்துருவின் இடப்பாதி அந்தக் கறைக்குள் மறைந்திருந்தது. அதைச் சீர்செய்வதற்காகத்தான் படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளைக் கற்கத் தொடங்கினேன்.

முதல் வாரம் பிரஷ் எதையும் வரையவில்லை. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை. முந்தைய நாள் முகத்தருகே சிறிய பகுதி ஒன்றைத் தேர்வு செய்துவிட்டு, அந்தத் தேர்வு உயிரோடு இருப்பதை மறந்து, படத்தின் வேறு மூலையைப் பெரிதாக்கி அங்கே வரைய முயன்றிருக்கிறேன். தேர்வுக்கு வெளியே பிரஷ் எதுவும் செய்யாது என்பது பிறகுதான் விளங்கியது. போட்டோஷாப் பாடங்களைப் பார்த்துவிட்டு கிம்புக்கு வருபவர்கள் இங்கே இன்னும் குழம்புவார்கள், ஏனென்றால் அங்கே தேர்வை நீக்கும் கன்ட்ரோல்-டி இங்கே முழுப் படத்தையும் நகலெடுத்துவிடும். கிம்பில் தேர்வை நீக்குவதற்குக் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ வேண்டும். இப்போதெல்லாம் ஒரு கருவி இயங்கவில்லை என்றால், தேர்வு ஏதேனும் மிச்சமிருக்கிறதா, நான் நிற்பது படத்தின் எந்த அடுக்கில், அதாவது லேயரில், லேயரிலா அல்லது அதன் பகுதிகளை மறைக்கும் மாஸ்கிலா என்று பார்த்துவிட்டுத்தான் வேறெதையும் தொடுகிறேன்.

அடுத்த இரண்டு வாரங்களைக் குளோன், ஹீல் ஆகிய இரண்டு கருவிகளோடு கழித்தேன். குளோன் ஓரிடத்துப் புள்ளிகளை அப்படியே கொண்டுவந்து வைக்கும். ஹீல் அவற்றைச் சுற்றியுள்ள நிறத்தோடு இழைத்துவிடும். வெண்சுவர் போன்ற பரப்பில் ஹீல் அருமையாக வேலை செய்தது. ஆனால் கருந்தூணும் வெண்சுவரும் சந்திக்கும் விளிம்புக்கு அருகே கொண்டுபோனால் தூணின் கருமையை இழுத்துச் சுவரில் அப்பிவிடும் என்பதால் விளிம்புகளுக்குக் குளோனையே வைத்துக்கொண்டேன். கழுத்துருவின் வலப்பாதியிலிருந்து உருக்களை ஒவ்வொன்றாக எடுத்து இடப்பக்கம் நிரப்பி அப்பத்தாவிடம் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த இடத்துல எதைக் கோத்திருந்தாகன்னு உனக்கு எப்படித்தா தெரியும்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. நான் வைத்த அத்தனை உருக்களையும் அன்றிரவே அழித்தேன்.

வழி திறந்தது இன்னொரு பிழையால். மங்கிய படத்தைத் தெளிவாக்க, ஒளி அளவை மாற்றும் கர்வ்ஸை இழுத்தபோது சுவரெங்கும் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்தன. கறுப்பு வெள்ளைப் படந்தானே என்று சாம்பல் நிறச் சாயல்களை மட்டுமே பதியும் 8 பிட் கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்திருந்தேன். அதில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை உள்ளவை 256 படிகள். மங்கிய என் படத்தின் நிறங்கள் அவற்றில் ஏறத்தாழ 80 படிகளுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. 80 படிகளை 256 படிகளின் அகலத்துக்கு இழுத்தால் இடையே வெற்றிடங்கள் விழும், அவையே கண்ணுக்குக் கோடுகளாகத் தெரியும். ஆகவே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), வண்ணத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட் வீதம் மறுபடி ஸ்கேன் செய்து, டிஃப் கோப்பாகச் சேமித்தேன். வழக்கமான ஜேபெக் 8 பிட்டுக்கு மேல் தாங்காது, திறந்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நுணுக்கங்களையும் இழக்கும்.

வண்ணக் கோப்பு கையில் இருந்ததால், கலர்ஸ் பட்டியலில் காம்பொனென்ட்ஸ் என்பதற்குள் உள்ள டீகம்போஸைக் கொண்டு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேயர்களாகப் பிரித்துப் பார்த்தேன். நீலத்தில் கறை கருங்குளம்போல் நின்றது. சிவப்பிலோ மெல்லிய நிழலாக வற்றியிருந்தது. பழுப்பு மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் பெரிதும் விழுங்குகிறது, சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் சிவப்பு லேயரில், அந்தக் கறைக்கு அடியில், கழுத்துருவின் இடப்பாதி உரு உருவாக இருந்தது. மூன்று வாரங்களாக நான் கற்பனையில் தேடியதெல்லாம் காகிதத்திலேயே இருந்திருக்கிறது. கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தபோது மூன்று நிறங்களையும் ஒன்றாகக் கலந்து, அதை நானே மறைத்திருக்கிறேன். பழைய படத்தைச் சீர்செய்ய நினைப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: படம் கறுப்பு வெள்ளையே ஆனாலும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள்.

சிவப்பு லேயரை அடித்தளமாக வைத்து, மிஞ்சிய நிழலை மாஸ்க் போட்டுக் கர்வ்ஸால் ஏற்றினேன். தூசியையும் கீறல்களையும் நீக்கியது நான்கு மாலை வேலை. ஓரிடத்தில் மட்டும், கீழ்ச்சரத்தில் ஒரு விரல்நுனி அகலத்துக்கு, காகிதத்தின் மேற்பூச்சே உரிந்துபோயிருந்ததால் எந்த நிறத்திலும் எதுவும் இல்லை. அந்தக் கழுத்துருவும் பங்கு பிரிந்தபோது அழிந்துவிட்டது என்றார்கள் அப்பத்தா. அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்தில் வெறுமையாக விட்டே அச்சிட்டு, பழைய சட்டத்தில் பொருத்தி, அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.