லபுட்டா போய்ச் சேர முப்பத்தாறு நாள்

நர்கிஸ் புயல் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் கரையேறியது 2008 மே 2. அந்த டெல்டாவில் இருக்கும் லபுட்டாவில் நான் கால் வைத்தது ஜூன் 7. நடுவில் போன நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். பிழைத்தவர்கள் குடிக்கும் குளமெல்லாம் கடல்நீர். என் வேலையே அதுதான், உப்பேறிய குளத்தை இறைத்துவிட்டு மழைநீர் நிறைய வழி செய்வது. மழைக்காலத்துக்கு முன்னால் இறைத்தால்தான் முழுப் பலன்.

மே 8 அன்று பாங்காக் வந்துவிட்டேன். மோட்டார், குழாய் எல்லாம் தயார். விசா மட்டும் இல்லை. பர்மாத் தூதரகக் கவுன்ட்டரில் ஆறு நாள் காக்கவைத்து, காரணம் எழுதாமல் விண்ணப்பத்தைத் திருப்பினார்கள். வரிசையில் நின்ற ஒரு மருத்துவர்தான் என் தாள்களை வாங்கிப் பார்த்துச் சொன்னார்: பாஸ்போர்ட் இந்தியா, ஆனால் கடிதம் உங்கள் அமைப்பின் ஐரோப்பியத் தலைமையகத்தின் லெட்டர்பேடில் இருக்கிறதே என்று. அதே நாட்களில் இந்திய, தாய்லாந்து மருத்துவக் குழுக்களை உள்ளே விட்டார்கள், நம் கடற்படையின் ராணா, கிர்பான் கப்பல்கள் ரங்கூனில் நிவாரணப் பொருளை இறக்கியே விட்டன. அன்றே இந்தியக் கிளையிலிருந்து புதுக் கடிதம் வாங்கி மறுபடி கொடுத்தேன். இப்படி ஒரு வேலைக்குப் போகிறவர்கள் எந்த லெட்டர்பேடில் கடிதம் போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

வெளியில் நடந்த பேச்சு வேறு. பிரான்சின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் குஷ்னேர், மக்களைக் 'காக்கும் பொறுப்பு' என்ற ஐ.நா. கொள்கையைக் காட்டி, பர்மாவின் ராணுவ அரசு சம்மதிக்காவிட்டாலும் உதவியை இறக்க வேண்டும் என்றார். அமெரிக்காவின் எசெக்ஸ், பிரான்சின் மிஸ்த்ரால் என்ற போர்க்கப்பல்கள் இரண்டும் கடலில் காத்திருந்து, பர்மாக் கரையில் எதையும் இறக்க முடியாமலே போயின. இப்படி நெருக்கினால் கதவு திறந்துவிடும் என்று நானும் நம்பினேன். ஆனால் போர்க்கப்பல் செய்தி வந்த மறுநாளெல்லாம் கவுன்ட்டரில் கேள்விகள்தான் கூடின. மே 19 அன்று சிங்கப்பூரில் கூடிய ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) அமைச்சர்கள், உதவி தங்கள் வழியாக வரட்டும் என்று முடிவெடுத்தார்கள். 23 அன்று அப்போதைய ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன், பர்மாவின் தலைநகர் நேபிடோவில் ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயைப் பார்த்துப் பேசினார். 25 அன்று ரங்கூனில் நன்கொடை மாநாடு. 28 அன்று என் விசாவில் முத்திரை விழுந்தது. மிரட்டலால் நகராத ஒன்று, தளபதிகள் முகம் கோணாமல் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு வழி கிடைத்ததும் நகர்ந்தது என்பதுதான் நான் கண்டது.

சரி, விசா கிடைத்தால் டெல்டாவுக்குப் போய்விடலாமா என்றால் முடியாது. அதற்குத் தனிப் பயண அனுமதி வேண்டியிருந்தது. நான் 'ஐராவதி டெல்டா' என்று எழுதினேன், திரும்பி வந்தது. டவுன்ஷிப் (நம் வட்டம் மாதிரி) பெயர் போட்டேன், கிராமம் எங்கே என்றார்கள். கிராமமும் போட்டுக் கொடுத்தபோது நான் குறித்திருந்த பயணத் தேதி தாண்டிவிட்டது. ஆக டவுன்ஷிப், கிராமம், ஆட்களின் பாஸ்போர்ட் எண், போகும் நாள், திரும்பும் நாள் எல்லாம் முதல் தாளிலேயே இருக்கட்டும், தேதியைக் கொஞ்சம் தள்ளியே போடுங்கள்.

அப்புறம் பணம். வெளியிலிருந்து வந்த உதவி டாலரை அந்த அரசு வெளியிட்ட அந்நியச் செலாவணிச் சான்றிதழாக மாற்றித்தான் அப்போது செலவழிக்க வேண்டியிருந்தது. ஏட்டில் ஒரு டாலருக்கு ஒரு சான்றிதழ், சந்தையிலோ டாலருக்குக் கிடைப்பதைவிட அதற்குக் கியாத் (பர்மா நாணயம்) குறைவு. அந்த வேறுபாட்டில் எங்கள் டீசல் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்தது. ஐ.நா.வே அந்த ஜூலையில் இந்த இழப்பை ஒப்புக்கொண்டது. பட்ஜெட் போடும்போதே இதைக் கணக்கில் எடுக்காதது எங்கள் தப்பு.

வழியில் சோதனைச் சாவடிகள். ஓட்டுநர் ரங்கூனில் பிறந்த தமிழர். "அண்ணே, அனுமதித் தாள் நகல் எத்தனை வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இரண்டு என்றேன். வண்டியைத் திருப்பிக் கடைக்குப் போய் இருபது எடுக்கவைத்தார். ஒவ்வொரு சாவடியிலும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நகல்கள் இல்லையென்றால் பாதி வழியிலேயே திரும்பியிருப்போம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. நல்ல மழைநீர் உப்புக் குளத்தில் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ராப்பகலாக மோட்டார் ஓட்டி முதல் குளத்தை அடிவரை இறைத்தோம். ஒன்பதாம் நாள் காலை ஒரு பாட்டி கரையில் குனிந்து, கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். துப்பவில்லை. வீட்டுக்குப் போய்க் குடத்தோடு வந்தார்.